அடுத்த மாதம் எந்தப் புத்தகம்?

எங்கள் வாசிப்புக் குழு 2020 ஜூனில் தொடங்கியது. ஊரடங்கு நேரம், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். கல்லூரித் தோழி ஒருத்தி, "சும்மாதானே கெடக்கோம், சேர்ந்து எதையாவது படிப்போமே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை ஆரம்பித்தாள். அவள் நாலு பேரைச் சேர்க்க, அந்த நாலு பேர் தெரிந்தவர்களைச் சேர்க்க, ஒரே வாரத்தில் பத்தொன்பது பேர் ஆகிவிட்டோம். திருநெல்வேலியில் நான், கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், சென்னையில் சிலர், மார்த்தாண்டத்தில் ஓர் அண்ணாச்சி, தோஹாவில் ஓர் அண்ணன், சிங்கப்பூரில் ஒரு தம்பி, டொராண்டோவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என்று மூலைக்கு ஒருவர்.

நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். "நீதான் எங்க கணக்குப்பிள்ளை, யார் வந்தா, என்ன படிச்சோம்னு எழுதி வை" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. அதைப் புரட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். புத்தகம் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் செய்யாத தப்பு ஒன்றிரண்டுதான் மிச்சம் இருக்கும்.

முதல் தப்பு முதல் புத்தகத்திலேயே நடந்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. 2011-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது, மதுரையின் கதை, படிக்காமல் இருக்கிறோமே என்ற குற்றவுணர்ச்சி பாதிப் பேருக்கு. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அப்போதிருந்த உற்சாகத்தில் பக்கம் எல்லாம் ஒரு பொருட்டா? முதல் வாரக் கூட்டத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒன்பது. நான்காம் வாரம் டீச்சர், நான், மதுரைக்காரர் ஒருவர். அந்த மூன்று பேரும் ரசித்துப் படித்தோம் என்பது வேறு விஷயம். மற்ற பதினாறு பேரும் குழுவில் எதுவும் பேசாமல் காலை வணக்கப் படம் மட்டும் போட ஆரம்பித்தார்கள். படிக்காதவர்களுக்கு வெட்கம். வெட்கப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கும் வரமாட்டார், அதற்கடுத்ததற்கும் வரமாட்டார். பெரிய புத்தகத்தில் இருக்கிற உண்மையான ஆபத்து அதுதான். புத்தகம் மீது எந்தக் குறையும் இல்லை, அதை முதலில் வைத்தது எங்கள் குறை.

அப்புறம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிப்பார் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். குழுவில் பொதுவாகக் கேட்டால் "அம்பது பக்கம்" என்பார்கள், தனியாகக் கேட்டால் "அக்கா, நிஜமாச் சொல்லணும்னா பத்து" என்பார்கள். அந்தப் பத்தை வைத்துத்தான் கணக்கு. மாதத்தில் இருபது நாள் படித்தால் 200 பக்கம். அன்றிலிருந்து மாதப் புத்தகம் என்றால் 200 பக்கத்துக்கு அங்கே இங்கே என்பது எங்கள் எல்லை. 350-ஐத் தொட்டால் இரண்டு மாதம். அதற்கு மேல் போனால் தனி ஏற்பாடு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த எல்லைக்குள் முதலில் எடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சின்ன நாவல். சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு தெரு, ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். பதினைந்து பேர் முழுசாகப் படித்துவிட்டு வந்தார்கள். பதினைந்து பேரிடமும் ஒரு குடத்துக் கதை இருந்தது. சென்னையில் 2019 கோடையில் லாரிக்குக் காத்திருந்த கதை, எங்கள் ஊர்ப் பக்கம் அடிபம்பில் வரிசை போட்ட கதை, தோஹா அண்ணன் சின்ன வயசில் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டி ஓட்டிய கதை. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. குடத்துக் கதையிலேயே போய்விட்டார்கள், நாவலைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை என்று டீச்சருக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. வெட்கப்பட்டு ஒதுங்கியவர்கள் திரும்பி வந்துவிட்டார்களே.

அடுத்தது வாக்கெடுப்பு. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி வந்த புதிதில் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள், பன்னிரண்டு பெயரைப் போடுவோம், அதிக ஓட்டு வாங்கியதைப் படிப்போம், இதைவிட நியாயமான வழி உண்டா என்று நினைத்தோம். ஒரு மாதம் கனமான மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று பதினோரு ஓட்டு வாங்கி ஜெயித்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் இருவர் அதற்கு ஓட்டே போடாதவர்கள்!

பெயர் கேள்விப்பட்ட புத்தகத்துக்குத்தான் ஓட்டு விழும். ‘இதைப் படித்தவன்’ என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற புத்தகத்துக்கு விழும். ஓட்டுப் போடும் ஆள் வேறு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தபடி புத்தகத்தைத் திறக்கிற ஆள் வேறு. இன்னொன்றும் உண்டு. ஜெயித்த புத்தகத்துக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. சரியாகப் போகவில்லை என்றால் "எல்லாரும் சேர்ந்துதானே எடுத்தோம்" என்று முடிந்துவிடும்.

இப்போது செய்வது இப்படி. மூன்று பேர் ஆளுக்கொரு புத்தகத்தை முன்மொழியலாம். முன்மொழிகிறவர் அதை முழுசாகப் படித்திருக்க வேண்டும். ‘கேள்விப்பட்டேன்’, ‘நல்லா இருக்குமாம்’ எல்லாம் செல்லாது. மாதக் கடைசிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் புத்தகத்தின் ஆரம்பத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். விமர்சனம் சொல்லக்கூடாது, விருதுப் பட்டியல் சொல்லக்கூடாது, வாசிக்க மட்டும் வேண்டும். அப்புறம் கை தூக்கல்.

இந்த முறையை நாங்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் டீச்சர். அவர் பூமணியின் ‘வெக்கை’யைச் சொல்லியிருந்தார். ‘அசுரன்’ அந்த நாவலை வைத்து எடுத்த படம்தானே, படத்தைப் பார்த்தாச்சு, இனி எதுக்கு என்று நாலைந்து பேர் முனகினார்கள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு நெற்றி மட்டும் தெரியும்படி குனிந்து வாசிக்க ஆரம்பித்தார். கையை மட்டும் வெட்டிவிடலாம் என்று போன பதினைந்து வயசுப் பையன் ஓட ஆரம்பிக்கிற இடம். நாற்பது வருஷம் வகுப்பில் பாடம் வாசித்த குரல். ஏற்ற இறக்கம் எதுவும் காட்டாமல், வருகைப் பதிவு எடுப்பது மாதிரி வாசித்தார். எல்லோரும் மைக்கை அணைத்திருந்தோம். பத்து நிமிடம் ஆனதும் அவர் புத்தகத்தை மூடினார். ஒரு வினாடி சத்தமே இல்லை. சிங்கப்பூர்த் தம்பி மைக்கைத் திறந்து, "டீச்சர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றான். அன்றைக்கு மற்ற இரண்டு புத்தகங்களையும் யாரும் கேட்கக்கூட இல்லை. அவற்றை முன்மொழிந்தவர்களும் ‘வெக்கை’க்கே கை தூக்கினார்கள்.

வாய்விட்டு வாசிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது என்பது இரண்டே பக்கத்தில் தெரிந்துவிடும். சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘செம்மீன்’ வாசிக்கும்போது நாக்கு எங்கும் தடுக்கவில்லை. வேறு ஒன்றை வாசித்தபோது, வாசித்தவரே மூன்றாம் வாக்கியத்தில் நின்று "இதுல யார் யாரை அடிச்சாங்க?" என்று எங்களிடம் கேட்டார். அதை அப்படியே மூடி வைத்துவிட்டோம்.

சரி, புத்தகம் முடிவாகிவிட்டது. கிடைக்குமா?

இதை யோசிக்காமல் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டோம். பழைய நாவல் ஒன்று, என்னிடம் பிரதி இருக்கிறது, டீச்சரிடம் இருக்கிறது, எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டோம். பதிப்பில் இல்லை. தோஹா அண்ணன் கூரியர் செலவு விசாரித்துவிட்டு, "புத்தகத்தைவிட அதைக் கொண்டுவர்ற காசு மூணு மடங்கு" என்றார். உடனே ஒருவர் யாரோ திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பை குழுவில் போட்டார். பார்த்தால் நாலு பக்கத்தில் விரல் தெரிகிறது. சென்னையில் இருக்கும் ஒருவர் பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர், அவர் பொங்கிவிட்டார். "ஆயிரம் பிரதி விற்க நாங்க படுற பாடு உங்களுக்குத் தெரியுமா?" "கிடைக்காத புத்தகத்தை எங்க போய் வாங்குறது?" இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனாலும் இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஒருவர் இன்னும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வழக்கம் இது. முன்மொழிகிறவரே மூன்று விஷயம் பார்த்துச் சொல்ல வேண்டும்: அச்சில் இருக்கிறதா, விலைக்கு மின்னூல் உண்டா, இல்லையென்றால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறதா. மூன்றாவது பலருக்குத் தெரியாத பகுதி, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனால் காப்புரிமை தீரும். அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளும் நிறைய உண்டு. கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் அப்படித்தான் எல்லோருக்கும் பொதுவானார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியத்திலிருந்து அந்தக் காலத்து நாவல் வரை கிடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து எழுத்து என்றால் நூலகம் தளம்தான், டொராண்டோ அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு மூன்று மாதமாவது காசு செலவில்லாத புத்தகமாக எடுப்பது என்று வைத்திருக்கிறோம். எல்லோராலும் மாதாமாதம் முந்நூறு, நானூறு கொடுக்க முடியாது, அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றில் மூன்றை டிசம்பரிலேயே முடிவு செய்துவிடுகிறோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர் பத்து சதவீதக் கழிவில் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்.

ஒரு சின்னத் தொல்லையும் சொல்லிவிடுகிறேன். "112-ஆம் பக்கத்தைப் பாருங்க" என்று ஒருவர் சொல்வார். ஒருவர் கையில் பழைய பதிப்பு, ஒருவர் கையில் புதுப் பதிப்பு, ஒருவர் கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், பக்கம் என்பதே அவருக்குக் கிடையாது. ஐந்து நிமிடம் தேடலிலேயே போகும். இப்போது அத்தியாயத்தைச் சொல்லி, அந்தப் பத்தியின் முதல் மூன்று சொல்லைச் சொல்வதுதான் வழக்கம். கிண்டில்காரர் தேடல் கட்டத்தில் அடித்து எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார்.

இதெல்லாம் வெளிவேலை. உள்ளே இருக்கிற சிக்கல் வேறு. நல்ல புத்தகம் எல்லாம் பேசுவதற்கு நல்ல புத்தகமாக இருப்பதில்லை.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ எல்லோருக்கும் பிடித்தது. நூறு பக்கம்கூட இல்லை, எல்லோரும் முடித்துவிட்டு வந்தார்கள். "சிலிர்த்துப்போச்சு." "அபாரம்." "காளை கண்ணு முன்னாடி நிக்குது." இருபது நிமிடத்தில் பேச்சு வறண்டுவிட்டது. பிடித்திருக்கிறது என்றால் அதற்கு மேல் என்ன பேசுவது? (இதைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) கூட்டத்தை முடிக்கலாம் என்று நான் வாயெடுத்தபோது அண்ணாச்சி கேட்டார்: "எனக்கு ஒண்ணு புரியல கேட்டேளா. கடைசியில ஜமீன்தார் காரியைச் சுடுறாரே, அது மாடு வெறிபிடிச்சு அலையுதுன்னா, இல்ல தோத்துப்போச்சுன்னா?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மாட்டின் தோல்வி யாருடைய தோல்வி, பிச்சி ஜெயித்தானா இல்லையா, ஜமீன்தார் அவனுக்குக் கொடுத்த மரியாதை நிஜமா என்று ஒன்றரை மணி நேரம். அன்று ஒரு விதி சேர்த்தோம். முன்மொழிகிறவர் ஒரு கேள்வியோடு வரவேண்டும், அதற்குப் பதில் அவருக்கே தெரிந்திருக்கக் கூடாது. பதில் தெரிந்து கேட்டால் அது பரீட்சை. டீச்சருக்கு இந்த விதி ரொம்பக் கஷ்டமாக இருந்தது, பாவம்.

சண்டை மூட்டிய புத்தகம் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. 1966-இல் வந்த நாவல். இந்தக் காலத்தில் யார் அதிர்ச்சி அடையப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் கணிப்பு தப்பு. அலங்காரத்தம்மாளைப் பற்றிப் பேச்செடுத்ததுமே குழு இரண்டாகப் பிரிந்தது. தன் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக மகனை வேதம் படிக்க அனுப்புகிறாளே, அதில் மகனுக்கு என்ன பங்கு என்று ஒரு பக்கம். அவளை எடைபோட நாம் யார் என்று ஒரு பக்கம். அவள் கணவர் தண்டபாணி ஏன் வாய் திறக்கவில்லை என்று இன்னொரு பக்கம். எங்களுக்கு இரவு 7.30 என்றால் டொராண்டோவில் காலை, சிங்கப்பூரில் இரவு பத்து. அன்று சிங்கப்பூர்த் தம்பி நடுராத்திரி தாண்டியும் போகவில்லை. எங்கள் நோட்டில் மிக நல்ல கூட்டம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நடுவில் ஒரு பத்து நிமிடம் மட்டும் கெட்டுப்போயிற்று. ஒருவர், எழுதியவர் இன்ன சாதி, அதனால்தான் இப்படி எழுதினார் என்று ஆரம்பித்தார். அதற்குப் பதிலாக இன்னொருவர் அவருடைய சாதியை இழுத்தார்.

தமிழில் வாசிப்புக் குழு நடத்துகிற யாருக்கும் இது புதிதாக இருக்காது. எழுத்தாளரின் சாதி என்ன, கட்சி என்ன, யாரோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் பேசவே கூடாது என்று தடை போட்டுப் பார்த்தோம். சரிவரவில்லை. சில புத்தகங்களில் சாதியை ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது ஏமாற்று. ‘வெக்கை’யை அப்படிப் பேச முடியுமா? கடைசியில் பிடித்த வழி இது: முதலில் புத்தகத்துக்குள் இருப்பதைப் பேசுவது, எழுதியவரைப் பற்றிய பேச்சு கடைசிப் பதினைந்து நிமிடத்தில். அதற்குள் எல்லோரும் நாவலுக்குள் போய்வந்துவிடுவதால் சூடு பாதியாகிவிடுகிறது. சில சமயம் அந்தப் பதினைந்து நிமிடத்தை யாரும் கேட்பதுகூட இல்லை.

வட்டார மொழிக்கு வருகிறேன். புரியாது என்று பயந்து ரொம்ப நாள் தொடாமல் இருந்தோம். அண்ணாச்சி ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ எடுத்தார். 1964-இல் வந்தது, பனைவிளைகள், பனையேறிகள், லிஸி என்கிற ஒரு பெண். எல்லாம் அவர் ஊர்ப்பக்கம். கண்ணப்பச்சி என்றால் தாத்தா, அக்கானி என்றால் பதநீர் என்று வாரம் ஒரு தடவை குரல்பதிவு போடுவார். ஒருநாள் தன் வீட்டுப் பின்னால் நிற்கிற பனையைக் காட்டி, பாளையை எப்படிச் சீவுவார்கள் என்று தன் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார். குழுவில் அதுவரை அதிகம் பேசாத மனிதர். அந்த மாதம் அவர்தான் எங்களுக்கு வாத்தியார். வட்டாரப் புத்தகம் எடுத்தால் அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்த அடிக்கோட்டை நம்பித்தான் அடுத்து ஈழப் போர்க்காலத்து நாவலான ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை எடுத்தோம். டொராண்டோ அக்கா இருக்கிறாரே என்ற தைரியம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு இயக்கத்தின் பெயருக்கும் "அக்கா இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். இரண்டாம் கூட்டத்தில் அவர் சொன்னார்: "நீங்கள் எழுதின நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ் எல்லாத்தையும் நான் ஒருத்தரையும் கேக்காமல் படிச்சனான். எங்கட தமிழுக்கு மட்டும் ஏன் அகராதி வேணும்?" கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "பனை ஏறுறதைப் பற்றிக் கேட்டால் சந்தோசமாச் சொல்லலாம். இது அப்பிடி இல்லைத்தானே" என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. அண்ணாச்சிக்குக் கொண்டாட்டமாக இருந்தது அவருக்குப் பாரம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நோட்டில் அடிக்கோட்டின் பக்கத்தில் ‘முதலில் அவரைக் கேட்க வேண்டும்’ என்று சேர்த்தேன்.

இதைவிட மோசமாக நான் செய்த தப்பு ஒன்று உண்டு. 2021 மே. இரண்டாம் அலை. நாவல் படிக்க யாருக்கும் மனசில்லை, சின்னதாக ஏதாவது எடுப்போம் என்று சிறுகதைக்கு மாறியிருந்தோம். அதுவரை சரியான முடிவுதான். எங்கள் இலவச ஜூம் கணக்கு நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை வெட்டிவிடும், ஒரு சிறுகதைக்கு அந்த நாற்பது நிமிடம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நான் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ என்றேன். எனக்கு உயிரான கதை. எந்த நேரத்தில் சொல்கிறோம் என்ற யோசனையே இல்லை. கதையின் தொடக்கத்திலேயே செல்லம்மாளின் மூச்சு அடங்கிவிடுகிறது. பிழைக்க வந்த பட்டணத்தில், ராத்திரி நேரத்தில், மனைவியின் உடலோடு பிரமநாயகம் பிள்ளை ஒற்றை ஆளாக இருக்கிறார். குழுவில் ஒருவரின் கணவர் அப்போது மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கதையையும் அவரையும் நான் மனசில் சேர்த்தே பார்க்கவில்லை. கதையைப் பாதி படித்துவிட்டு எனக்கு மட்டும் தனியாக, "இந்த வாரம் நான் வரலை, தப்பா எடுத்துக்காதீங்க" என்று எழுதினார். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்தை ரத்து செய்தேன்.

அவர் கணவர் பிழைத்து வந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து அவரே, "இப்ப ‘செல்லம்மாள்’ எடுக்கலாம், நான் வாசிக்கிறேன்" என்று முன்மொழிந்தார். அன்று அவர் பேசியதை நான் நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியதல்ல. ஆனால் அதிலிருந்து, முன்மொழிகிறவர் புத்தகத்தில் நோய், சாவு, குழந்தைக்கு நடக்கும் கொடுமை என்று ஏதாவது இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுகிறார். ‘கதையைச் சொல்லிக் கெடுத்துட்டீங்க’ என்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும். அதோடு, புத்தகம் முடிவாகும் முன் நான் பெயர்ப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்க்கிறேன். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று.

பெரிய புத்தகத்துக்குத் தனி ஏற்பாடு என்று சொன்னேன் அல்லவா? மாதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஓடுகிற இன்னொரு புத்தகம், அவ்வளவுதான். யாரும் கட்டாயமில்லை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ எடுத்தோம். அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். 122 அத்தியாயம், ஒவ்வொன்றும் சில பக்கம். தொடராக எழுதியதைத் தொடராகவே படிப்போம் என்று வாரம் மூன்று அத்தியாயம் வைத்தோம். காவல் கோட்டத்தில் தோற்ற அதே ஆட்கள்தான். தினமும் காபி குடிக்கிற நேரத்துக்குள் படித்துவிடலாம் என்றால் புத்தகத்தின் கனம் தெரிவதில்லை. ஒரு வாரம் விட்டுப்போனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துவிடலாம். அதிகம் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

அதில் 1880-இல் கும்பகோணத்தில் நடக்கிற ஒரு இடம் உண்டு. சேலம் இராமசுவாமி முதலியார் என்கிற முன்சீப்பைப் பார்க்க ஐயர் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் இதைப் படித்து என்ன, அதைப் படித்து என்ன என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. அதைத் தேடப் போகிற வழியில்தான் அந்த ஊர்ச் சமணர் வீடு ஒன்றில் சிந்தாமணியைச் சேர்ந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்து முடித்து, முடித்த நாளைத் தோரணம் கட்டிக் கொண்டாடுவதைப் பார்க்கிறார். அந்த அத்தியாயம் படித்த வாரம் எங்கள் குழுவில் ஒரே அமளி. "நம்ம ஆளுங்க 1880-லயே இருந்திருக்காங்கய்யா!" என்றார் தோஹா அண்ணன். அவர்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் தொல்லை இருந்திருக்காது என்று டீச்சர் பெருமூச்சு விட்டார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. எட்டுப் பேர் கடைசிவரை வந்தார்கள். ஐயர் 1942-இல் இறந்துபோனதால் தொடர் பாதியில் நிற்கிறது. அவருடைய வாழ்க்கையின் பின்பாதி அதில் வரவே இல்லை. அதனால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு முடிந்தது என்று சொல்வதா, நின்றது என்று சொல்வதா என்று தெரியாமல் இருந்தோம். அன்று கூட்டத்துக்குள் நுழைந்தபோது டீச்சரின் கட்டத்தில் அவருக்குப் பின்னால் கதவு நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கியது.

"என்ன டீச்சர், வீட்ல விசேஷமா?" என்றான் சிங்கப்பூர்த் தம்பி.

"சிந்தாமணி முடிச்சவங்க கட்டினாங்கல்ல" என்றார் டீச்சர். "மரம் நம்ம வாசல்லயே நிக்குது. எலைக்கென்ன பஞ்சம்?"

அண்ணாச்சி கை தட்டினார். டொராண்டோ அக்கா தன் திரைக்குப் பின்னால் எழுந்து போய் ஏதோ தேடி, மாவிலை கிடைக்காமல் ஒரு மேப்பிள் இலையைக் கொண்டுவந்து கேமராவில் காட்டினார். நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன். அதற்குள் யாரோ கேட்டுவிட்டார்கள், அடுத்து என்ன என்று. மூன்று பேர் புத்தகத்தோடு தயாராக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் இருந்தது ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது.